பின் ஸ்ட்ரட் டொக் டொக்: 16,400 செலவழிக்கவா, 1,500-ல் முடிக்கவா?

பாளையங்கோட்டை ஆக்சென்ட்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2009 ஆக்சென்ட், பெட்ரோல். 1,28,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று மாதமாகப் பின்பக்கம் இடது ஓரத்திலிருந்து டொக் டொக் என்று சத்தம். நான்குவழிச் சாலையில் 80-ல் போனால் ஒன்றும் கேட்பதில்லை. தெருவுக்குள் இருபதில் ஊர்ந்து வரும்போதுதான் தட்டுகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெரு என்றால் கேட்கவே வேண்டாம். பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் குறைகிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், பின் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) இரண்டும் போச்சு என்று சொல்லி, மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் ரப்பர் தாங்கி), கூலி எல்லாம் சேர்த்து 16,400 என்று எழுதிக் கொடுத்தார்கள். தெரிந்த ஒருவரோ, ஷாக்கைக் கழற்றிக் 'கேஸ் அடித்து', அதாவது ஆயிலும் கேஸும் புதிதாக நிரப்பி, மாட்டினால் ஜோடி 1,500-ல் முடியும் என்கிறார். என் பட்ஜெட் ஆறாயிரம். எதைச் செய்யலாம்?

மஞ்சள் போர்டு:
தம்பி, 22 வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன். ஷாக் போனதும் புதுசு வாங்கியவன் எவனும் டாக்ஸியில் சம்பாதித்ததில்லை. ஆயில் மாற்றி, சீல் மாற்றி, கேஸ் அடித்தால் போதும். என் பழைய இண்டிகாவில் இரண்டு தடவை செய்தேன், ஒவ்வொரு தடவையும் முப்பதாயிரம் கி.மீ. தாங்கியது. 16,400 எல்லாம் ஏமாளிகளுக்குப் போடும் பில்.

வெள்ளை ஸ்விஃப்ட்:
கூலிகூட வேண்டாம் சார். போன தீபாவளி லீவில் என் 2008 ஸ்விஃப்ட்டுக்கு நானே வீட்டு வாசலில் மாற்றினேன். மேலே ஒரு நட், கீழே ஒரு போல்ட், ஒரு பக்கத்துக்கு 40 நிமிஷம். ஜாக்கி, ஸ்டாண்டு, 17 நம்பர் ஸ்பேனர் இருந்தால் போதும்.

ஸ்பேனர் 14:
வெள்ளை ஸ்விஃப்ட் நண்பரே, உங்கள் பதிவைப் படித்து யாராவது ஆக்சென்ட்டில் கைவைத்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். ஸ்விஃப்ட்டில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. நீங்கள் கழற்றியது வெறும் ஷாக். ஆக்சென்ட்டில் பின்னாலும் ஸ்ட்ரட். ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின் மேலேயே அமுங்கி உட்கார்ந்திருக்கிறது, அதை அடக்கி வைத்திருப்பது உச்சியில் இருக்கும் நடு நட். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் போடாமல் அந்த நட்டைக் கழற்றினால், அமுங்கிய ஸ்பிரிங் மொத்தமும் உங்கள் முகத்துக்கு நேராக விடுதலை ஆகும். நான் வேலை பழகிய ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அப்படி ஒரு ஓட்டை உண்டு. மழைக்காலத்தில் அதன் கீழே வாளி வைப்போம்.

இப்போது கேள்வி கேட்டவருக்கு. ஸ்ட்ரட் போய்விட்டது என்று யார் முடிவு செய்தது? வேகத்தில் சத்தம் இல்லை, மெதுவாகப் போனால் தட்டுகிறது, ஆள் ஏறினால் குறைகிறது. இது மேல் மவுண்ட் ரப்பர் பிளந்ததற்கான அறிகுறி. ஆள் ஏறினால் ஸ்பிரிங் மவுண்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது, ஆட்டம் அடங்குகிறது. ஷாக் செத்த வண்டி பெரும்பாலும் தட்டுவதைவிடப் படகு மாதிரி ஆடும்.

முதலில் காசில்லாத வேலைகளைச் செய்யுங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர் கேன், போன கொடைக்கானல் டூரில் வாங்கிய குடை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சைலன்ஸரைக் கையால் ஆட்டிப் பாருங்கள், தொங்கும் ரப்பர் அறுந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். டயரில் காற்று எவ்வளவு? சில பங்க்குகளில் கேட்காமலே 40 பிஎஸ்ஐ அடித்து அனுப்புவார்கள். அதற்கப்புறமும் சத்தம் வந்தால், டிக்கி லைனிங்கை விலக்கி ஸ்ட்ரட்டின் மண்டையில் கையை வையுங்கள், இன்னொருவர் பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விடட்டும். மவுண்ட் போயிருந்தால் உள்ளங்கையிலேயே தெரியும். மவுண்ட் இரண்டும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடியும்.

கணக்குப்பிள்ளை:
நான் மெக்கானிக் இல்லை, ஆனால் ஒரு கணக்கு. ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பிரித்து மாட்டும் கூலி, உள்ளே எதை மாற்றினாலும் ஒன்றுதான். இன்று மவுண்ட் மட்டும் மாற்றி ஆறு மாதம் கழித்து ஸ்ட்ரட்டுக்கு வந்தால் கூலி இரண்டு தடவை, அலைன்மென்ட் இரண்டு தடவை, லீவு போடுவதும் இரண்டு தடவை. இவ்வளவு வயதான வண்டியில் ஒரே அடியாக எல்லாவற்றையும் மாற்றுவதுதான் உண்மையில் மலிவு. 16,400 அதிகம் என்பது சரி. சாமானை வெளியே வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு மட்டும் ஆள் பிடியுங்கள்.

மஞ்சள் போர்டு:
எல்லாரும் படித்தவர்கள், நன்றாகப் பேசுகிறீர்கள். கேஸ் அடிப்பதில் என்ன தப்பு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஸ்பேனர் 14:
சொல்கிறேன் அண்ணே. இந்த ரக ஷாக்கில் குழாய்க்குள் குழாய். உள்குழாயில் பிஸ்டன், அதில் மெல்லிய எஃகு வில்லைகளால் ஆன வால்வு. ஆயில் அந்த வில்லைகளை வளைத்துக்கொண்டு போகும்போது வரும் தடைதான் ஷாக்கின் வேலை முழுவதும். ஆயில் நுரைக்காமல் இருக்க, கொஞ்ச அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். மேல் வாயைக் கம்பெனியிலேயே மடக்கி அடைத்துவிடுகிறார்கள், திறப்பதற்காகச் செய்த பொருளே இல்லை.

ரீகண்டிஷன் என்று நம் ஊரில் என்ன நடக்கிறது? ஓட்டை போட்டு ஆயிலை வடிக்கிறார்கள், புது ஆயில் ஊற்றி வெல்டிங் வைக்கிறார்கள். எந்தத் தடிமன் ஆயில் என்று யாரும் கேட்பதில்லை. வில்லைகள் தேய்ந்ததைத் தொடுவதே இல்லை. பாதி இடத்தில் கேஸ் என்பது பேச்சில் மட்டும்தான். பிஸ்டன் ராடில் குரோம் பூச்சு அரித்துப் புள்ளி விழுந்திருந்தால், புது சீலை அந்தப் புள்ளிகள் அரம் மாதிரி ராவிவிடும். கையில் வாங்கும்போது கெட்டியாக இருக்கும், அதில்தான் எல்லாரும் ஏமாறுவது. தடிமனான ஆயில் ஊற்றினால் எதுவுமே கெட்டியாகத்தான் இருக்கும்.

மஞ்சள் போர்டு:
நீங்கள் சொல்வது அரைகுறை ஆட்கள் வேலை. எனக்குச் செய்தவர் லேத்தில் போட்டு மேல் வாயை வெட்டி, மரை போட்டு மூடி பூட்டுவார். வெல்டிங் கிடையாது. ராடைக் கடைசல் பிடித்து ஹார்ட் குரோம் அடிக்க அனுப்புவார். அடுத்த தடவை மூடியைத் திருகிக் கழற்றி சீல் மாற்றலாம். கம்பெனிக்காரன் திறக்க முடியாமல் செய்ததை, திறக்கிற மாதிரி செய்கிறவன் கைகாரனா, திருடனா?

ஸ்பேனர் 14:
கைகாரர்தான், மறுக்கவில்லை. அப்படிச் செய்கிறவரை நானும் கும்பிடுவேன். ஆனால் ஹார்ட் குரோம், லேத் வேலை, சீல் எல்லாம் சேர்த்தால் ஒன்றுக்கு 750-ல் முடியுமா? புது ஸ்ட்ரட் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும்போது பழையதைச் சரிசெய்ய ஒன்றுக்கே ஆயிரத்து ஐநூறு செலவழிப்பானேன்? சாமானே கிடைக்காத வண்டி என்றால் நீங்கள் சொல்வது ஒன்றே வழி. ஆக்சென்ட் 2013 வரை வந்த வண்டி, சாமான் இன்னும் கடைகளில் இருக்கிறது.

கீழ்ப்பாலம்:
எதற்கு இவ்வளவு? ஸ்பிரிங்குக்கு நடுவில் செருகும் ரப்பர் பஃபர் ஆன்லைனில் விற்கிறார்களே. நான் போட்டிருக்கிறேன். சத்தம் போச்சு, வேகத்தடையில் அடி தட்டுவதும் போச்சு.

ஸ்பேனர் 14:
உங்களுக்கு வந்தது வேகத்தடையில் 'டமார்'. அது வண்டி முழுக்க அமுங்கி அடி வாங்கும் சத்தம், அந்த அடியைத் தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் பொடிந்திருக்கும். இவருக்கு வருவது மேலே தட்டும் 'டொக்'. பஃபர் போட்டால் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் கட்டிப்போட்ட மாதிரி. வண்டி அமுங்குவதே குறையும், குலுக்கல் நேராக மவுண்ட்டுக்குப் போகும். ஏற்கெனவே கிழிந்த மவுண்ட் என்றால் பட்ட காலிலே படும்.

பாட்டு சத்தம்:
நான் ஒரு வருஷமாக எஃப்எம் சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட்டுகிறேன். செலவு பூஜ்யம்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் பின் டயரின் மேல் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் டயரும் போச்சு, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நான்கு இலக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

பாட்டு சத்தம்:
தடவிப் பார்த்தேன். இப்போது இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன்டா கேட்டோம் என்று இருக்கிறது.

பாளையங்கோட்டை ஆக்சென்ட்:
ஸ்பேனர் சார் சொன்னபடி டிக்கியைக் காலி செய்தேன். சத்தம் அப்படியே இருக்கிறது. செல்போனில் ரெக்கார்டிங் போட்டு டிக்கியில் இடது ஓரம் வைத்து ஒரு ரவுண்டு, வலது ஓரம் வைத்து ஒரு ரவுண்டு போனேன். இடதுதான், சந்தேகமே இல்லை. கையை வைத்தும் பார்த்தேன், டொக் என்று உள்ளங்கையில் அடிக்கிறது. பக்கத்து வீட்டு மெக்கானிக் டபிள்யூடி-40 அடித்தார், இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. ஒவ்வொரு வாட்டர் சர்வீஸிலும் அடியில் ஆயில் ஸ்பிரே அடிப்பார்கள், அதை நிறுத்தச் சொல்கிறார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஸ்பேனர் 14:
நல்ல சம்பந்தம். பழைய என்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடியில் பீய்ச்சுகிறார்கள். துரு பிடிக்காது என்று சொல்லிக் காசு வாங்குவார்கள், ஆனால் இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலிய ஆயில் ஆகாது. மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையமான புஷ் ஊறி உப்பி, மென்மையாகிப் பிறகு பிளக்கும். ரப்பருக்குப் போடவேண்டும் என்றால் சிலிகான் கிரீஸ் மட்டும்.

அந்த மெக்கானிக் நல்லவராகத் தெரிகிறார். அவரிடமே கொடுங்கள், ஆனால் மூன்று விஷயத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். நடு நட்டைக் கழற்றும்போது ராடு சுற்றும். அதை வைஸ் கிரிப்பால் கவ்விப் பிடிக்க விடாதீர்கள், ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து ஆயில் கசியும். புது ஸ்ட்ரட் வாங்கினால் மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தடவை முழுதாக அமுக்கி இழுக்கச் சொல்லுங்கள். கடையில் படுத்தே கிடந்திருக்கும், உள்ளே காற்று ஏறியிருக்கும், அப்படியே மாட்டினால் புதுசே தட்டும். மூன்றாவதுதான் முக்கியம்: கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளின் (லிங்க்) புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தினால், வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். 'புது புஷ் ஆறு மாதத்தில் போச்சு, டூப்ளிகேட்' என்று திட்டுகிற பாதிப் பேர் வண்டியில் நடந்தது இதுதான்.

மஞ்சள் போர்டு:
இந்த மூன்றாவது விஷயம் எனக்கே புதுசு. சரி, ஒத்துக்கொள்கிறேன். கேஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை.

பாளையங்கோட்டை ஆக்சென்ட்:
வேலை முடிந்தது. இடது மவுண்ட் ரப்பர் இரும்பிலிருந்து முழுதாகப் பிரிந்து வளையம் மாதிரி கையோடு வந்தது. பம்ப் ஸ்டாப் இரண்டு பக்கமும் ஊறிய ரஸ்க் மாதிரி பொடிந்தது. ஆனால் ஒரு வேடிக்கை: சத்தம் போட்ட இடது ஸ்ட்ரட் நன்றாக இருக்கிறது. சத்தமே போடாத வலது ஸ்ட்ரட்தான் ஆயில் கசிந்து, மண் ஒட்டிக் கருப்பாக இருந்தது. அமுக்கினால் தானாக எழுந்திருக்கவே இல்லை.

சாமான் சென்னை ஜி.பி. ரோட்டில் வேலை பார்க்கும் தம்பி மூலம் பார்சலில் வரவழைத்தேன். ஸ்ட்ரட் இரண்டு 3,900. மவுண்ட் இரண்டு 960. பம்ப் ஸ்டாப், தூசு படாமல் மூடும் டஸ்ட் பூட் 380. கூலி 900. அலைன்மென்ட் 350. மொத்தம் 6,490. லிங்க் புஷ் போல்ட்டுகளை நான் பக்கத்தில் நின்று, வண்டியைத் தரையில் இறக்கியபின் இறுக்க வைத்தேன், அவருக்குக் கொஞ்சம் கோபம்.

கணக்குப்பிள்ளை:
ஆக, நான் சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிட்டீர்கள்.

ஸ்பேனர் 14:
நான் சொன்னபடி மவுண்ட்தான் தட்டியது. வலதுபக்கக் கசிவை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது என் தப்பு.

வெள்ளை ஸ்விஃப்ட்:
ஒரு பக்கம் மட்டும் புது ஸ்ட்ரட் போட்டிருந்தால் 1,950 மிச்சமாகியிருக்குமே? இடது நன்றாக இருந்ததே.

ஸ்பேனர் 14:
ஒரே அச்சில் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் 1,28,000 கி.மீ. பார்த்தது என்றால் வளைவில் வண்டி ஒருபக்கம் சீக்கிரம் சாயும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முன்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

மஞ்சள் போர்டு:
தம்பி, அந்த இடது ஸ்ட்ரட்டைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் நெல்லைக்குச் சவாரி வருகிறேன். ஜங்ஷன் பக்கம் வந்து வாங்கிக்கொள்கிறேன், டீ என் செலவு.

பாளையங்கோட்டை ஆக்சென்ட்:
வாங்க அண்ணே. வலதையும் எடுத்துப் போங்கள், கேஸ் அடித்துக் காட்டுங்கள். இப்போது வண்டி அமைதியாக இருக்கிறது. அதனால் டாஷ்போர்டுக்குள் ஏதோ கிறீச் என்பது முதல்முறையாகக் கேட்கிறது. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.