தாயில்லாத மூணு பூனைக்குட்டி, தத்து போற வரைக்கும் வெச்சிருக்கணும் – கொஞ்சம் சொல்லுங்க

மடிப்பாக்கம்_மீனா:
எங்க அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர் ரூம் பின்னாடி மூணு குட்டி கத்திட்டு கெடந்துச்சு, தாய் ரோட்ல அடிபட்டு செத்துடுச்சுன்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னார், மனசு கேக்கல தூக்கிட்டு வந்துட்டேன். கண்ணு தொறந்திருக்கு, தள்ளாடி நடக்குது, முன்பல்லு இப்பதான் எட்டிப் பாக்குது. வீட்ல ஏற்கனவே ஒரு பூனை இருக்கு, ஹவுஸ் ஓனர் அதுக்கு மேல கூடாதுன்னுட்டார், ஆனா தத்து போற வரைக்கும் ஓகேவாம். மாமியார் ஆவின் பால்ல தண்ணி கலந்து குடுங்கறாங்க. குடுக்கலாமா? எப்ப தத்து குடுக்கலாம்?

தாம்பரம்_தாத்தா:
பல்லு இப்பதான் வருதுன்னா மூணு வாரக் குட்டிம்மா. மாட்டுப்பால் வேணாம், தண்ணி கலந்தாலும் வயித்தால போயி துவண்டுடும். பெட் ஷாப்ல பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் இருக்கு, வெதுவெதுப்பா கரைச்சு நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருவாட்டி, ராத்திரியும் எந்திரிக்கணும். உடம்பு சில்லுனு இருந்தா பால் குடுக்கவே குடுக்காத, மொதல்ல சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி பக்கத்துல வெச்சு சூடாக்கு. குப்புற வெச்சுதான் குடுக்கணும், கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டா பால் நுரையீரலுக்குள்ள போயிடும். தானா ஒண்ணுக்கு போகலைன்னா ஈரப்பஞ்சால பின்பக்கம் லேசா துடைச்சு விடு. சமையல் தராசுல தினம் எடை பாரு, 10 கிராமாச்சும் ஏறணும், ஏறாம நின்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடு. நாலு வாரம் ஆனதும் பாலோட குட்டிங்க சாப்பாட்டைக் குழைச்சு ஆரம்பி, தட்டுக்குள்ளயே காலை வெச்சு நிக்கும், வீடெல்லாம் பால் தடம்தான்.

கோவை_பூனைக்காரி:
உங்க பூனைய மொதல்ல பாருங்க. குட்டிங்கள தனி ரூம்லயோ பாத்ரூம்லயோ ரெண்டு வாரமாச்சும் வைங்க, தட்டு, கக்கா போற மண் டப்பா எல்லாம் தனி, தொட்டுட்டு வந்தா கை கழுவுங்க. பான்லூக்கோபீனியான்னு பூனைக்கு வர்ற வைரஸ் நோய் வந்தா குட்டி ஒரே நாள்ல போயிடும், அந்த வைரஸ் வீட்டுக்குள்ள ஒரு வருஷம் வரைக்கும் கூட உயிரோட கெடக்கும். உங்க பூனைக்கு தடுப்பூசி பாக்கி இருந்தா மொதல்ல போட்டுடுங்க. டெட்டாலு, பினாயிலு ரெண்டுமே பூனைக்கு விஷமுங்க. மண் டப்பால ஈரம் பட்டா கட்டியாகிற லிட்டர் மண் வேணாம், குட்டிங்க தின்னுடும். குடல்பூச்சி மருந்து டாக்டர் எடை பாத்துதான் குடுக்கணும்.

மடிப்பாக்கம்_மீனா:
அய்யோ டெட்டால் போட்டுத்தான் தொடைக்கலாம்னு இருந்தேன். சரி, தத்து எப்ப? ஒருத்தங்க இப்பவே கேக்கறாங்க, குழந்தைக்கு பர்த்டே கிஃப்டாம்.

நாட்டுப்பூனை_ரசிகன்:
கிஃப்டுக்கா, வேண்டவே வேண்டாம் சிஸ்டர். எட்டு வாரம் ஆகட்டும், மொதல் தடுப்பூசி போட்டு அனுப்புங்க, அதுவரைக்கும் கூடப்பிறந்ததுங்களோட கடிச்சு விளையாடித்தான் எவ்ளோ அழுத்திக் கடிக்கலாம்னு கத்துக்கும். நாட்டுப்பூனைன்னா கேட்டு வர ஆளு கம்மிதான், எல்லாருக்கும் பெர்ஷியன் வேணும், அதுக்காக வர்றவங்ககிட்ட எல்லாம் தூக்கிக் குடுத்துடாதீங்க. வீட்டுக்கே போய் பாருங்க, பால்கனிக்கு நெட் இருக்கா, கருத்தடை பண்ணுவாங்களா, ஊருக்குப் போனா யாரு பாத்துப்பாங்க, எல்லாம் கேளுங்க. முடிஞ்சா ரெண்டா குடுங்க.

மடிப்பாக்கம்_மீனா:
ரெண்டா எடுக்க ஆள் கெடைக்கலன்னா?

நாட்டுப்பூனை_ரசிகன்:
எடுக்கறவங்க வீட்ல ஏற்கனவே சாதுவான பூனை இருந்தா ஒத்தையா போனாலும் ஓகே. நாள் முழுக்க பூட்டிக் கெடக்கிற வீட்டுக்கு மட்டும் ஒத்தையா அனுப்பாதீங்க.