ஒரே செய்தியைத் தொடர்ந்து படித்ததில் வந்த ஆங்கிலம்

செய்தித்தாள் படித்து ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொண்டவர்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது பெரும்பாலும் கொரோனா காலத்துச் செய்திகளால் நடந்தது. அதற்கு முன்பும் ஆங்கில நாளிதழ் படிப்பேன். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டிப் பொருளைக் குறித்து வைப்பேன். மறுநாள் வேறு செய்தி, வேறு சொற்கள். முதல் நாள் குறித்தது மீண்டும் கண்ணில் படாது, மனத்திலும் தங்காது.

தொற்றுச் செய்திகள் அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று சர்வதேசப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அது முடிந்துவிட்டதாகச் சொன்னது 2023 மே 5 அன்று. இந்த இடைவெளியில் பெரும்பகுதி நாட்கள் முதல் பக்கத்தில் ஒரே விஷயம்தான். ஒரு சொல்லை இன்று தவறவிட்டால் நாளை அது வேறொரு வாக்கியத்தில் வந்து நிற்கும். அடுத்த வாரம் தலையங்கத்தில் வரும், பிறகு ஒரு மருத்துவரின் பேட்டியில் வரும். அதோடு, அந்தச் சொற்கள் உயிர் சம்பந்தப்பட்டவை. ஏதோ புரிந்தது என்று பக்கத்தைத் திருப்பிவிட முடியாது.

முதலில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ‘ஐசொலேஷன்’, ‘குவாரண்டைன்’ என்ற இரண்டு சொற்கள். தமிழ் நாளிதழில் இரண்டுக்கும் பெரும்பாலும் ‘தனிமைப்படுத்தல்’ என்றே வரும். ஒரு நாள் ஆங்கிலச் செய்தி ஒன்றில் இரண்டும் ஒரே பத்தியில் வந்தன. கணவர் ஐசொலேஷன் வார்டில் இருக்கிறார், மனைவியும் பிள்ளைகளும் ஹோம் குவாரண்டைனில் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். எந்த அகராதியும் வேண்டியிருக்கவில்லை. நோய் உறுதியானவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது ஐசொலேஷன். நோயாளியோடு பழகியவர், தொற்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம், தெரியும்வரை ஒதுங்கியிருப்பது குவாரண்டைன்.

குவாரண்டைன் என்ற சொல்லின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில், குரோஷியாவில் உள்ள துறைமுக நகரமான இன்றைய டுப்ரோவ்னிக், அன்றைய ரகூசா, நோய் கண்ட இடங்களிலிருந்து வந்தவர்கள் 30 நாள் காத்திருந்த பிறகே ஊருக்குள் வரலாம் என்று 1377இல் ஆணையிட்டது. பிறகு அந்தக் காத்திருப்பு 40 நாள் ஆனது. நாற்பதைக் குறிக்கும் வெனிஸ் நகரத்துச் சொல்லிலிருந்து வந்ததுதான் குவாரண்டைன். பார்வைக்கு நலமாக இருந்தவர்களும் காத்திருந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஐசொலேஷனின் வேரோ லத்தீனில் தீவைக் குறிக்கும் சொல். இரண்டின் வேரும் தெரிந்த பிறகு ஒன்றுக்கு மற்றொன்றை எழுதவே மனம் வராது.

‘அவுட்பிரேக்’, ‘எபிடெமிக்’, ‘பேண்டெமிக்’, ‘எண்டெமிக்’ பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓரிடத்தில் நோய் திடீரெனத் தலைகாட்டுவது அவுட்பிரேக். மற்ற மூன்றிலும் மக்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘டெமோஸ்’ இருக்கிறது. முன்னொட்டு மட்டும்தான் வேறு. மக்கள்மீது வந்து விழுவது எபிடெமிக், எல்லா மக்களையும் தொடுவது பேண்டெமிக், மக்களுக்குள்ளேயே நிலைத்துவிடுவது எண்டெமிக். 2020 மார்ச் 11 அன்று கோவிட்டைப் பேண்டெமிக் என்று சொல்லலாம் என உலக சுகாதார நிறுவனம் அறிவித்த மறுநாள், அந்த ஒரு முன்னொட்டை எல்லாப் பத்திரிகைகளும் விளக்கின.

நான் அதிகம் கற்றது பெயர்ச்சொற்களில் அல்ல, வினைச்சொற்களில். எண்ணிக்கை கூடியது, குறைந்தது என்று நாம் சொல்லிவிட்டுப் போகும் இடத்தில் ஆங்கில நிருபருக்கு ஒரு பட்டாளமே இருக்கிறது. ‘ஸ்பைக்’ என்றால் ஈட்டிமுனை போல் சட்டென்று ஏறுவது. ஒரே நாளில் நடக்கலாம், அடுத்த நாளே இறங்கியும் விடலாம். ‘சர்ஜ்’ அப்படியல்ல, பொங்கித் தள்ளிக்கொண்டே வருவது. மருத்துவமனைகள் நிரம்பும் செய்திகளோடு சேர்ந்து வருவது இதுதான். ‘டிப்’ என்றால் சிறிய, பெரும்பாலும் தற்காலிகமான இறக்கம். ‘ஈஸ்’ என்ற வினை கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு வரும், ‘கர்ப்’ கட்டுப்படுத்துவதற்கு. அதே ‘கர்ப்’ பன்மையில் பெயர்ச்சொல்லாகிக் கட்டுப்பாடுகள் என்ற பொருளில் தலைப்பில் உட்கார்ந்திருக்கும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ப்ளாட்டோ’. பள்ளிக்கூடப் புவியியலில் பீடபூமி என்று படித்த அதே சொல், நாளிதழில் வினையாக வந்தது. அதைப் படித்த பலர், நோய் தணிந்துவிட்டது என்று நிம்மதி அடைந்தார்கள். பீடபூமி சமதளம்தான், ஆனால் உயரத்தில் இருக்கும் சமதளம். எண்ணிக்கை ஏறுவது நின்றிருக்கிறது, இறங்கவில்லை. உச்சத்துக்கு அருகிலேயே அப்படி நின்றால் ஒவ்வொரு நாளும் அவ்வளவு பேர் புதிதாக நோயுறுகிறார்கள் என்று பொருள். செய்தியோடு அச்சிட்டிருந்த வரைபடத்தில் கோட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். வினைகளைக் கற்க விரும்பும் எவரும் வரைபடத்தையும் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன்.

அண்ணன் மகளும் என்னோடு சேர்ந்து படித்தாள். ஒரு நாள் பக்கத்தை நீட்டிக் கேட்டாள்:

“அத்தை, ‘கான்ட்ராக்ட்’ என்றால் ஒப்பந்தம்தானே? வைரஸோடு யார் ஒப்பந்தம் போட்டார்கள்?”

நல்ல கேள்வி. பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் அழுத்தம், ஒப்பந்தம் என்று பொருள். வினையாகி நோயைக் குறிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது, நோய் தொற்றிக்கொள்வது என்று பொருள். இரண்டையும் உரக்கச் சொல்லச் சொன்னேன். பிறகு அந்தப் பக்கத்திலேயே தேட ஆரம்பித்தோம். தொற்றுக்கு ‘கான்ட்ராக்ட்’, அறிகுறிக்கு ‘டெவலப்’, சோதனை முடிவுக்கு ‘டெஸ்டட் பாசிட்டிவ் ஃபார்’. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்கிறது என்பதை அவள் பென்சிலால் கோடு போட்டு இணைத்தாள். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன.

அன்றிலிருந்து ஒற்றைச் சொல்லாக எதையும் எழுதி வைப்பதில்லை. தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் தனிச்சொல் செய்கிறது, அதைப் பிரித்து எழுதினால் பயனில்லை. குணமடைவது ‘ஃப்ரம்’, நோய்க்குப் பலியாவது ‘சக்கம்ப்’ உடன் ‘டு’, நோய் எதிர்ப்பு இருப்பது ‘இம்யூன் டு’, தடுப்பூசி போட்டுக்கொள்வது ‘அகெய்ன்ஸ்ட்’. இலக்கணப் புத்தகத்தில் பட்டியலாகப் படித்தபோது குழம்பியவை இவை. நாள் தவறாமல் ஒரே துணையோடு பார்த்துப் பார்த்து, பிழையாக வந்தால் காதுக்கே உறுத்தும் அளவுக்குப் பழகிவிட்டன.

இதற்கெல்லாம் மேலாக நான் மதிப்பது, உறுதியின் அளவைக் காட்டும் சொற்களை. ‘சஸ்பெக்டட்’ (சந்தேகம்), ‘ப்ராபபிள்’ (பெரும்பாலும் இருக்கலாம்), ‘கன்ஃபர்ம்ட்’ (உறுதி) மூன்றும் மூன்று படிகள். ‘லிங்க்ட் டு’ என்றால் தொடர்பு தெரிகிறது, ‘காஸ்ட் பை’ என்றால் காரணமே அதுதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2020 ஜனவரி 14 அன்று, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதற்குச் சீன அதிகாரிகளின் முதற்கட்ட ஆய்வில் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில் பதிவிட்டது. ‘பரவாது’ என்று அதில் இல்லை. ‘தெளிவான’ என்ற அடைமொழியும் ‘முதற்கட்ட’ என்ற அடைமொழியும் இருந்தன. ஜனவரி 20 அன்று அப்படிப் பரவுவதைச் சீனத் தரப்பே உறுதிப்படுத்தியது. சான்று இல்லை என்பது வேறு, இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது என்பது வேறு. தமிழில் பகிரப்பட்ட பல செய்திகளில் இந்த அடைமொழிகள் உதிர்ந்து போயிருந்தன. அப்படி உதிர்வது மொழிபெயர்ப்புப் பிழையோடு நிற்பதில்லை. மக்கள் எச்சரிக்கையாக இருப்பதும் இல்லாததும் அதைப் பொறுத்தது.

‘பேஷண்ட் ஜீரோ’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நோயாளியைப் பத்திரிகைகள் இப்படி அழைக்கும். மருத்துவர்கள் ‘இண்டெக்ஸ் கேஸ்’ என்பார்கள், அதாவது முதலில் கண்டறியப்பட்டவர். 1980களில் எய்ட்ஸ் பற்றிய அமெரிக்க ஆய்வில் கலிபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்பதைக் குறிக்க ஒரு நோயாளிக்கு ‘ஓ’ என்ற எழுத்தைக் கொடுத்தார்கள். அதைப் பூஜ்யமாகப் படித்ததில் பிறந்த பெயர் இது. நோயைக் கொண்டுவந்தவர் என்ற பழி வெகுகாலம் அந்த மனிதர்மீது இருந்தது. அதனால் நான் இரண்டாவது சொல்லையே பயன்படுத்துகிறேன்.

நோய்களின் பெயர்களிலும் இந்தக் கவனம் வந்திருக்கிறது. எபோலா ஓர் ஆற்றின் பெயர், நிபா மலேசியாவில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். புதிய நோய்களுக்கு ஊர், மனிதர், விலங்கு ஆகியவற்றின் பெயரை வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. 2020 பிப்ரவரி 11 அன்று வந்த கோவிட்-19 என்ற பெயரில் எந்த ஊரும் இல்லை. உருமாறிய வைரஸ்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கிரேக்க எழுத்துகள் வந்தன. 2022 நவம்பரில் ‘மங்கிபாக்ஸ்’ என்பதற்கு ‘எம்பாக்ஸ்’ என்ற பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஓராண்டு இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம் என்றார்கள். பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்கும்போது முந்தைய பெயரும் வேண்டியிருக்கிறது. அதனால் குறிப்பேட்டில் இரண்டையும் ஒரே வரியில், ஆண்டோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்.