போர்ட்டேஜ் – மெயின் சந்திப்பு: 65 சதவீதம் பேர் வேண்டாம் என்ற பிறகும் திறந்தது சரியா?

கேட்டவர்: நடந்துபோகிறவன்

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காகக் கனடாவின் வின்னிபெக் நகரத்துக்கு வந்து இன்னும் ஒரு வருடம் முழுதாக ஆகவில்லை. ஆபீஸ் டவுன்டவுனில், போர்ட்டேஜ் அவென்யூவும் மெயின் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என்னிடம் கார் கிடையாது, பஸ்ஸும் நடையும்தான். தினமும் சிக்னல் விழுந்ததும் எல்லாரோடும் சேர்ந்து சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். இதில் பெரிய விஷயம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. ஊரிலேயே பிறந்து வளர்ந்த இருவர் சத்தம் போடாத குறைதான். 1979லிருந்து 2025 ஜூன் வரை, அதாவது 46 வருடம், அந்த முனையில் யாரும் தரையில் கடக்கவே முடியாதாம், நான்கு பக்கமும் கான்கிரீட் சுவர் வைத்திருந்தார்களாம். 2018ல் மக்களிடம் ஓட்டு கேட்டபோது 65 சதவீதம் பேர் திறக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் திறந்துவிட்டார்கள் என்று ஒருவருக்குக் கடும் கோபம். இன்னொருவர், அந்த ஓட்டையே நடத்தியிருக்கக் கூடாது என்கிறார்.

ஒரு ஊரின் நட்ட நடுச் சந்திப்பில் மனிதர்கள் கடக்கக் கூடாது என்று எப்படி முடிவெடுத்தார்கள்? அவ்வளவு பேர் ஏன் எதிர்த்தார்கள்? அவ்வளவு பேர் வேண்டாம் என்ற பிறகு திறந்தது நியாயமா? நீண்ட நாளாக இங்கே இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பதில்: பழைய வின்னிபெக்

தம்பி, கேட்டதற்கு நன்றி, இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

அந்தச் சந்திப்பு நேற்று முளைத்ததல்ல. செவ்வாறு (ரெட் ரிவர்), அசினிபோயின் என்ற இரண்டு ஆறுகளும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மாட்டு வண்டிகளும் தோல் வியாபாரிகளும் போய்வந்த இரண்டு தடங்கள் குறுக்கிட்ட இடம் அது. 1862ல் ஹென்றி மெக்கென்னி அங்கே ஒரு கடை போட்டபோது, ஊருக்கு இவ்வளவு தள்ளி எவன் கடை வைப்பான் என்று மற்றவர்கள் நினைத்தார்களாம். நகரமே அந்தக் கடையைச் சுற்றித்தான் எழுந்தது. வங்கிகளும் தானிய வியாபாரக் கம்பெனிகளும் வந்ததும் அங்கேதான், ஊர் கூடிக் கொண்டாடுவதும் அங்கேதான். 1972 ஜூன் 27ல் ஹாக்கி வீரர் பாபி ஹல் ஜெட்ஸ் அணிக்குக் கையெழுத்துப் போட்டது அந்த முனையில், கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. திரும்பத் திறந்ததும் ஒரு ஜூன் 27ல்தான், 53 வருடம் கழித்து.

மூடிய கதை இதுதான். 1970களில் டவுன்டவுன் தேய்ந்துகொண்டிருந்தது. முனையில் ஒரு பெரிய கோபுரமும் அதன் கீழே நிலத்தடிக் கடைத்தெருவும் கட்ட ஒரு டெவலப்பர் முன்வந்தார். கீழே கடை போட்டால் ஆள் வரவேண்டும் அல்லவா, மேலே கடக்க வழி இருந்தால் எவன் படியிறங்குவான்? அதனால் 1976ல் நகராட்சியோடு போட்ட ஒப்பந்தத்தில் மேலே பாதசாரிகளை நிறுத்துவது என்று எழுதிக்கொண்டார்கள். 40 வருட ஒப்பந்தம். மேலே வண்டிகள் தடையில்லாமல் ஓடும், கீழே மக்கள் குளிர் படாமல் நடப்பார்கள் என்று அந்தக் காலத்துக்கு அது நவீனமான திட்டமாகவே தெரிந்தது, பல நகரங்கள் அப்படித்தான் யோசித்தன. 1979ல் சுவர் வந்தது.

நடந்தது என்னவென்றால், கீழே ஒரு வட்டமான கூடம். படியில் இறங்கி அந்த வட்டத்தில் பாதி சுற்றி எந்த வாசலில் ஏறுவது என்று தெரியாமல் திகைக்காத ஆளே கிடையாது. வடக்கே எக்ஸ்சேஞ்ச் டிஸ்ட்ரிக்ட், பழைய கல் கட்டடங்களும் கடைகளும் நிறைந்த தேசிய வரலாற்றுத் தலம். தெற்கே அலுவலகங்கள், அந்த ஆறுகள் சேரும் இடமான ஃபோர்க்ஸ். நடுவே ஒரு சுவர் விழுந்து, ஒரே டவுன்டவுன் இரண்டு ஊராகிப் போனது. என் கருத்தில் வின்னிபெக் தனக்குத் தானே செய்துகொண்ட பெரிய கெடுதல்களில் இது ஒன்று.

2014ல் மேயரான பிரையன் போமன் திறப்பேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வந்தார். எதிர்ப்பு வலுத்ததும் 2018 நகராட்சித் தேர்தலோடு சேர்த்து இதையும் ஓட்டுக்கு விட்டார்கள். சட்டப்படி கட்டுப்படுத்தாத ஓட்டுதான், ஆனாலும் முடிவை மதிப்பேன் என்றார். 65 சதவீதம் வேண்டாம் என்று வந்தது. புறநகர்ப் பக்கம் எதிர்ப்பு ரொம்பப் பலமாக இருந்தது.

அப்புறம் எப்படி மாறியது என்றால், தண்ணீர். அந்த நிலத்தடிக் கூடத்தின் கூரைதான் மேலே இருக்கும் சாலை. நடுவே தண்ணீர் இறங்காமல் போட்ட வாட்டர்ப்ரூஃப் படலம் காலாவதியாகிவிட்டது. அதை மாற்றச் சந்திப்பையே தோண்ட வேண்டும், 73 மில்லியன் டாலர் ஆகும், ஐந்து வருடம் வரை போக்குவரத்து பாதிக்கும் என்று 2024ல் அறிக்கை வந்தது. வண்டி தடையில்லாமல் ஓடவேண்டும் என்பதற்காகவே மூடி வைத்த இடத்தை, மூடியே வைத்திருக்க ஐந்து வருடம் வண்டியை நிறுத்த வேண்டும்! இப்போதைய மேயர் ஸ்காட் கில்லிங்ஹாம் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. சுவரை எடுத்துவிட்டுத் தரையில் கடக்க விடலாம், கீழ்க்கூடத்தைப் பின்னால் மூடும் வழியையும் பார்க்கலாம் என்றார். 2024 மார்ச்சில் நகரசபை அதை ஏற்றது.

---

பதில்: வான் ஓட்டுநர்

அண்ணை சொன்ன வரலாறு சரி, அதிலே எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மற்றப் பக்கத்தையும் ஒருவர் சொல்லத்தான் வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன், இந்த ஊரில் டெலிவரி வான் ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தவன். 2018ல் நான் வேண்டாம் என்றுதான் வாக்குப் போட்டேன், அதற்காக வெட்கப்படவும் இல்லை. என்னைப் போன்ற சனம் நடக்கிறவர்களை வெறுத்து வாக்குப் போடவில்லை. வடக்கில் வீடு, தெற்கில் வேலை என்று இருக்கிறவனுக்குச் சுற்றிப்போக நல்ல பாதை கிடையாது. மெயின் ஸ்ட்ரீட்டும் போர்ட்டேஜும் ஊரின் முதுகெலும்பு, ஊரைச் சுற்றி ஓடுகிற பெரிமீட்டர் நெடுஞ்சாலை நகரத்துக்குள் வேலை செய்கிறவனுக்கு உதவாது. மணிக்கணக்குக்குக் காசு வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு சந்தியிலும் போகிற நேரம் அவன் பிள்ளையோடு இருக்கிற நேரம். பஸ்ஸில் போகிற சனத்துக்கும் இதே தாமதம்தான், அதை ஏன் ஒருவரும் கதைக்கிறதில்லை? 2025 ஜூன் 29ல் பஸ் பாதைகள் முழுவதையும் மாற்றினார்கள், சந்தி திறந்து இரண்டே நாளில். சனத்துக்கு எது எதனால் தாமதம் என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லாமல் போய்விட்டது.

அதைவிட, எங்களிடம் கேட்டார்கள், நாங்கள் பதில் சொன்னோம். அந்தப் பதில் பிடிக்கவில்லை என்றால் ஆறு வருடம் கழித்து நகரசபையில் கை தூக்கி முடிக்கிறதா? 73 மில்லியன் என்ற கணக்கு புதிது என்றால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு திரும்பவும் எங்களிடம் வந்திருக்கலாமே. நானே மனம் மாறியிருப்பேனோ என்னவோ. கேட்காமல் செய்ததுதான் கசக்கிறது.

இன்னொன்று, பாதுகாப்பு. பெரிய வண்டியில் வலப்பக்கம் திரும்புகிறபோது முனையில் இறங்குகிற ஆள் கண்ணாடியில் தெரியாமல் போகலாம். ஜனவரியில் சாலை ஐஸ் கட்டி, வாகனப் புகை ஆவியாக நின்று, மாலை ஐந்து மணிக்கு இருட்டாக இருக்கிற நேரம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஒருவருக்கு ஏதாவது நடந்தால் அதை ஆயுளுக்கும் சுமக்கப் போகிறவன் ஓட்டுநர்.

---

பதில்: அம்மாவின் மகள்

வான் ஓட்டும் அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 46 வருடமும் நடந்துபோகிறவர்கள் இழந்த நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

என் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். அந்த முனைக்கு அருகே ஒரு கட்டடத்தில் அவருக்கு மருத்துவ வேலை இருக்கும், அது முடிந்து எதிர்ப்பக்கம் போய் பஸ் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு எதிரே பஸ் நிறுத்தம் தெரியும். நல்ல கால் உள்ளவர் படியிறங்கி, வட்டம் சுற்றி, ஏறிப் போய்விடுவார். நாங்கள் முதலில் லிஃப்ட் இருக்கும் கட்டடத்தைத் தேட வேண்டும், அந்த லிஃப்ட் வேலை செய்ய வேண்டும், கீழே போனபின் மறுபக்கம் ஏறுவதற்கு இன்னொரு லிஃப்ட் வேண்டும். ஒருமுறை மாலையில் கீழே இறங்கிவிட்டோம், மறுபக்கத்து லிஃப்ட் பழுது என்று அட்டை மாட்டியிருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "விடும்மா, அடுத்த முனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிடலாம்" என்றார். மைனஸ் இருபதில். கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதே கதை ஸ்ட்ரோலர் தள்ளும் அம்மாக்களுக்கும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும், கண் தெரியாதவர்களுக்கும் உண்டு. வட்டமான இடத்தில் சுவரைத் தொட்டுத் திசை கண்டுபிடிப்பது கண் தெரியாதவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். மாலைக்குமேல் ஆளில்லாத நிலத்தடி வழியில் தனியாகப் போகப் பயந்து, தூரம் ஆனாலும் சுற்றிப் போன பெண்கள் எத்தனை பேர்.

ஓட்டு பற்றிச் சொன்னீர்கள். என் அம்மா சாலையைக் கடக்கலாமா கூடாதா என்பதை, வருடத்துக்கு ஒருமுறைகூட அங்கே கால் வைக்காதவர்களும் சேர்ந்து பெரும்பான்மையால் முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்பக் கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள், நான் முதல்முறை கேட்டதே தப்பு என்கிறேன். இந்த இடத்தில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

இப்போது அம்மா தானே பட்டனை அழுத்தி, தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு கடக்கிறார். நான் பின்னால் சும்மா நடந்து வருகிறேன்.

---

பதில்: சிக்னல் ஆள்

போக்குவரத்துப் பொறியியல் எனக்குத் தொழில், வேறு நகரத்தில். இரண்டு விஷயம் மட்டும்.

முதலாவது, அந்தச் சாலைகள் ஏன் இவ்வளவு அகலம்? பழைய வண்டித் தடங்களுக்கு ஒதுக்கிய அகலமே 132 அடி, அதாவது நில அளவைக்காரர்களின் இரண்டு சங்கிலி, சுமார் 40 மீட்டர். நடைபாதைகள் போக, தோராயமாக 30 மீட்டர் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஆளுக்கு 25 வினாடி போதும். பனியில் மெல்ல நடக்கும் பெரியவர் 0.8 மீட்டர்தான் நடப்பார் என்றால் 38 வினாடி. இந்த 13 வினாடியை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் உண்மையான சண்டை இருக்கிறது. ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: நேராகப் போகும் வண்டிகளுக்குப் பச்சை எரியும்போதே அதற்கு இணையான திசையில் மக்களும் கடக்கலாம். அதனால் நேராகப் போகிறவருக்குப் பெரிய இழப்பு வராது. காத்திருப்பது திரும்புகிற வண்டிதான்.

இரண்டாவது, ஓட்டுநர் ஐயா சொன்ன வலப்பக்கத் திருப்பம். அவர் பயம் நூற்றுக்கு நூறு சரி. கடக்கும் இடங்களில் மனிதர்கள் அடிபடுவது பெரும்பாலும் திரும்பும் வண்டியால்தான். இதற்குப் பரிகாரமும் இருக்கிறது. நடக்கிறவருக்கு நான்கைந்து வினாடி முன்னதாகவே சிக்னல் கொடுத்துவிட்டால், வண்டி திரும்ப ஆரம்பிக்கும்போது அவர் சாலை நடுவில் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பார். சிவப்பில் வலப்பக்கம் திரும்புவதைத் தடை செய்யலாம். முனையின் வளைவைக் கூர்மையாக்கினால் வண்டி வேகம் குறைந்தே திரும்பும். குளிர்காலத்தில் முனையில் குவியும் பனி மேட்டை உடனே அள்ள வேண்டும், சக்கர நாற்காலி அதில்தான் மாட்டிக்கொள்ளும். சுவரை எடுத்தது பாதி வேலைதான், மீதி இதெல்லாம்.

கீழ்க்கூடம் பற்றியும் ஒரு வார்த்தை. மைனஸ் முப்பதில் கீழே போகிறவர் போகட்டும், அது நல்ல வசதி. ஒரே வழியாக அதை ஆக்கியதுதான் தவறு.

---

பதில்: வான் ஓட்டுநர்

தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கடக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வாக்கைப் பற்றி என் நிலைப்பாடு அதேதான், ஆனால் அந்த லிஃப்ட் விஷயத்தை 2018ல் எங்கள் பக்கம் வந்து ஒருவரும் இப்படி விளக்கிச் சொல்லவில்லை. எங்களுக்கு வந்த துண்டுத்தாள் எல்லாம் நிமிடக் கணக்கும் டாலர் கணக்கும்தான்.

சிக்னல் ஐயா, நடக்கிற ஆளை முன்னதாக விடுகிறது நல்ல யோசனை. எனக்கும் அது நிம்மதி. அதை யாரிடம் கேட்கிறது?

---

பதில்: பழைய வின்னிபெக்

நகராட்சியின் சேவை எண்ணான 311க்கு போன் செய்து, சந்திப்பின் பெயரையும் எந்தத் திசையில் எந்த நேரத்தில் சிக்கல் என்பதையும் சொல்லிப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் அதே விவரத்தை அனுப்புங்கள். நடக்கிறவர்கள் கேட்பதைவிட, ஓட்டுகிறவர் ஒருவரே இதைக் கேட்டால் கவனிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

---

கேட்டவர்: நடந்துபோகிறவன்

எல்லோருக்கும் நன்றி. மெயின் ஸ்ட்ரீட்டில் தெற்கிலிருந்து வந்து வலப்பக்கம் திரும்பும் வண்டிகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன், மாலை நெரிசலில் நடக்கிறவர் இறங்கும் அதே நொடியில் அவர்களும் நகர்கிறார்கள். இந்த வாரம் நேரத்தைக் குறித்துவைத்து 311ல் சொல்கிறேன். வான் ஓட்டும் அண்ணா, நீங்கள் எந்த முனையில், எந்த நேரத்தில் கஷ்டப்படுகிறீர்கள் என்று இங்கே எழுதினால் அதையும் சேர்த்தே கவுன்சிலருக்கு அனுப்பலாம், உங்களுக்குச் சம்மதம் என்றால்.