இலங்கை அகதி முகாம் பிள்ளைகள் இங்க பள்ளிக்கூடம் சேரும்போது நீங்க பார்த்தது என்ன?

பாளை டீச்சர்:
2006 கடைசி. மன்னார்ல இருந்து மண்டபம் வழியா வந்த பிள்ளை, சேரன்மகாதேவி பக்கம் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு அறிவியல் தாள். பொருள்ல இருக்கிற பருப்பொருளின் அளவு எதுன்னு கேள்வி. 'திணிவு'ன்னு எழுதியிருக்கு. சுழி. நிலாவுக்குப் போனா மாறுறது எது? 'நிறை'. அதுக்கும் சுழி.

ரெண்டு விடையும் சரி. அங்க மாஸுக்குத் திணிவு, வெயிட்டுக்கு நிறை. நம்ம புத்தகத்துல மாஸ்தான் நிறை, வெயிட் எடை. ஆர்முடுகல் இங்க முடுக்கம், அமுக்கம் இங்க அழுத்தம், கலம் இங்க செல். தெரியாத சொல்லுன்னா பிள்ளை கேட்டுத் தெரிஞ்சுக்கிடும். 'நிறை' மாதிரி ரெண்டு பக்கமும் இருந்து பொருள் மட்டும் மாறுற சொல்லுலதான் மாட்டும். "நாங்கள் அங்க இப்பிடித்தான் படிச்சனாங்கள் டீச்சர்"னுச்சு. மார்க்கு மாறல.

முக்கூடல்காரன்:
சொல்லை விடுங்க டீச்சர், உள்ள நுழையுறதுக்கே டிசி கேட்டு நிறுத்துனாங்களே. அங்க அதுக்குப் பேரு விடுகைப் பத்திரம், கடைசியாப் படிச்ச பள்ளிதான் தரணும். மூணு தடவை இடம்பெயர்ந்த பிள்ளைக்கு எது கடைசிப் பள்ளி? அந்தக் கட்டடத்துலயே சனம் பாய் விரிச்சுக் கிடக்கு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே வகுப்பு கிடையாது. பிளாஸ்டிக் பைக்குள்ள மடிச்சு, படகுல நனைஞ்ச தேர்ச்சி அறிக்கை ஒண்ணுதான் கையில. அதுல ஏழாம் வகுப்புங்கிறதுக்கு 'தரம் 7'னு இருந்ததை முதல் தரம், ரெண்டாம் தரம்னு நினைச்சு ஒருத்தர் "நல்லாப் படிக்கல போல"ன்னாரு பாருங்க!

நெல்லை வக்கீல்:
டிசி இல்லேன்னு தள்ளக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 5ஆவது பிரிவு. வயசுச் சான்று இல்லேன்னாலும் 14ஆவது பிரிவு இருக்கு. சண்டை போட்டிருக்கணும்.

முக்கூடல்காரன்:
வக்கீலண்ணாச்சி, அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. நாம பேசுறது 2006. அதுவும் 6லிருந்து 14 வயசு வரைதான். பதினொண்ணாவது சேர வந்தவனுக்கு என்ன செய்வீரு?

வள்ளியூர் இ-சேவை:
பதினொண்ணாவதுக்கு வழி இருக்கு. அங்க நம்ம பத்தாவது மாதிரி ஓஎல் பரீட்சை தரம் 11ல, பிளஸ் டூ மாதிரி ஏஎல் தரம் 13ல. ஓஎல் சான்றிதழ் தொலைஞ்சா சுட்டெண்ணும், அதாவது பரீட்சை நம்பரும், எழுதின வருஷமும் வேணும். அது ரெண்டும் இருந்தா பரீட்சைத் திணைக்களத்துல இருந்து எடுக்கலாம். வயசு, அப்பா பேரு எல்லாம் ஞாபகம் இருக்கும், சுட்டெண்ணைத்தான் யாரும் எழுதி வைக்க மாட்டாங்க.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். இங்க பிறந்த பிள்ளைன்னா 21 நாளுக்குள்ள பிறப்பைப் பதிஞ்சிருங்க. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோட முடியும். வருஷம் தாண்டினா மாஜிஸ்திரேட்டு உத்தரவு இல்லாம நடக்காது. அதோட விட்றாதீங்க, சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்துலயும் பதியணும், இல்லேன்னா அந்த நாட்டுக் குடியுரிமையும் கைக்கு வராது. அதுக்குத் தாய் தகப்பன் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று வேணும். அதெல்லாம் சண்டையில தொலைஞ்சிருந்தா ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களை விட்டுப் பிரதேச செயலகத்துல நகல் எடுக்கச் சொல்லுங்க. எடுத்ததும் முதல்ல எழுத்துக்கூட்டைப் பாருங்க. அங்க 'செல்வராசா', இங்க பதியுறவரு 'செல்வராஜா'ன்னு அடிச்சிருவாரு. மனு திரும்புறது பாதி இதுலதான். எதையும் லேமினேட் பண்ணாதீங்க, பின்னால முத்திரை வைக்க முடியாது.

கோபாலசமுத்திரம் வாசி:
பேப்பர் எல்லாம் சரியா இருந்தும் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை போச்சு. அகதி உதவித்தொகைக்குக் கணக்கெடுக்கிற அன்னைக்கு ஆள் நேர்ல நிக்கணும், அன்னைக்குன்னு அரையாண்டு கணக்குப் பரீட்சை. காலையில வரவேண்டிய ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) மத்தியானம் வந்தாரு. பிள்ளை யூனிஃபார்ம் போட்டு, ஜாமெட்ரி பாக்ஸைக் கையில பிடிச்சுக்கிட்டே வரிசையில நின்னுச்சு.