நிக்கொதேமு பாடத்துக்கு உதவி வேண்டும்

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வாலிபர் கூடுகைக்கு 45 நிமிட வேதபாடம் தயாராகிறது. தலைப்பு: ஊர் என்ன சொல்லும் என்ற பயம்.

தானியேலை எடுத்தால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், ஆனால் சிங்கக் கெபி அவர்கள் வாழ்க்கையில் இல்லை. அதனால் யூதருக்குள் அதிகாரியாயிருந்த நிக்கொதேமு. யோவான் 3-ல் இயேசுவிடம் இரவில் வருகிறார். 7:50, 51-ல் ஆலோசனை சங்கத்தாரிடம், ஒருவன் சொல்வதைக் கேட்காமல் நியாயப்பிரமாணம் தீர்ப்பளிக்குமா என்று ஒரே ஒரு கேள்வி. விசுவாசத்தை அறிக்கையிடவில்லை, நடைமுறையைத்தான் கேட்டார். அதற்கே "நீரும் கலிலேயனோ" என்ற ஏளனம். 19:39-ல் இயேசுவை அடக்கம்பண்ண ஏறக்குறைய நூறு இராத்தல் சுகந்தவர்க்கத்தோடு பகலிலேயே வருகிறார். சீஷர்கள் ஓடிப்போன பிறகு!

9:22-ஐயும் 12:42, 43-ஐயும் முதலிலேயே வாசிக்க வேண்டும். இயேசுவை அறிக்கையிட்டால் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்குவார்கள்; அப்படியென்றால் உறவும் மரியாதையும் போவது. இது புரியாவிட்டால் அவரைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

"நீங்களாக இருந்தால் பேசுவீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "பேசினால் யாரை இழப்பீர்கள்?" என்பதே சரியான கேள்வி.

இரண்டு உதவி வேண்டும். அலுவலகப் பொய்க் கணக்கு, வரதட்சணைப் பேச்சு, சபைக்குள் ஜாதி: இப்படி, ஒரே கேள்வியால் தடுக்கக்கூடிய சூழ்நிலைகளைப் பெயர் இல்லாமல் எழுதுங்கள். 7-ம் அதிகாரத்தில் அவர் அதற்குமேல் பேசாததைப் பாவம் என்பீர்களா, முதல் படி என்பீர்களா? வசனத்தோடு சொல்லுங்கள்.