பொருள்: ‘டிராஃப்ட்’ கோணம்: கழல்கோணமா, வாட்டமா? (ஐஸ் தட்டுப் பாடம், வெள்ளிக்குள் வேண்டும்)

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர், செவ்வாய் காலை

அன்பர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் அச்சுத் தொழிலுக்கான குறுகிய காலப் பயிற்சிக்குத் தமிழில் பாடக்குறிப்பு தயாராகிறது. கேரள எல்லைக்குள் பாலக்காட்டுப் பக்கமுள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பிள்ளைகள் தமிழில் படித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டில் வேலைக்குப் போகப் போகிறவர்கள். செய்முறைப் பாடத்துக்கு எடுத்த பொருள், ஃப்ரிட்ஜில் வைக்கும் ஐஸ் தட்டு. கட்டி சிரமமில்லாமல் விடுபட வேண்டும், அதுதான் பாடமே.

குழியின் சுவர் நேர்செங்குத்தாக இருக்கக் கூடாது. வாய் அகன்று அடி குறுக வேண்டும். அந்தச் சாய்வைத்தான் பட்டறையில் டிராஃப்ட் என்கிறார்கள். கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு அதை ‘வரைவுக் கோணம்’ ஆக்கிவைத்திருக்கிறது. தீர்மானத்துக்குத்தான் வரைவு எழுதுவார்கள், ஐஸுக்கு எதற்கு? மாணவன் ‘வரைபடம் வரையும் கோணம்’ என்றே புரிந்துகொள்வான்.

சொல் நுழைய வேண்டிய இடம் இது: “வாய் 30 மி.மீ. சதுரம், ஆழம் 30 மி.மீ. பக்கத்துக்கு 1 பாகை ______ கொடுத்தால் அடி ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. உள்ளே வரும், 5 பாகைக்கு 2.6 மி.மீ.; 10 பாகைக்கு 5.3 மி.மீ.”

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ‘அண்டர்கட்’டுக்கும் (வார்த்த பொருளை அச்சிலிருந்து வரவிடாமல் மாட்டவைக்கும் இடம்) ஒரு சொல் கிடைத்தால் புண்ணியம்.

செங்கோட்டைப் புலவர், செவ்வாய் நண்பகல்

ஆசிரியருக்கு வணக்கம். சொல் புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை. *கழல்கோணம்*.

அகப்பாடல்களில் தலைவன் பிரிந்தால் தலைவியின் கையிலிருந்து வளை கழலும், நெகிழும், சோரும். யாரும் பிடித்து இழுப்பதில்லை, தானே வருகிறது. உங்கள் தட்டில் நடக்க வேண்டியதும் அதுதானே? கழல் தன்வினை, கழற்று பிறவினை. எனவே ‘கழற்றுகோணம்’ என்று யாராவது தொடங்கினால் இப்போதே மறுத்துவிடுகிறேன். கோணம் எதையும் கழற்றுவதில்லை. கழன்ற, கழல்கின்ற, கழலும் கோணம் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை, ஊறுகாய் போல. வல்லினமும் மிகாது.

குறளில் (1234) வள்ளுவர் ‘சோரும்’ என்றதையும் எண்ணிப் பார்த்தேன். ‘சோர்கோணம்’ ஓசைக்கு நன்று. ஆனால் வகுப்பில் தூக்கம் வரும். காலில் அணியும் கழலும் இந்த வேர்தானா என்று கேட்பீர்கள். கழன்று கழன்று விழுவதை வீரன் ஏன் அணிய வேண்டும் என்பது நியாயமான கேள்வி. என் கருத்தில் அது சுழல் என்பதோடு உறவுடையது. சகர மெய் கெட்டு, ககரம்...

(நீண்டுவிட்டது. மீதியை மாலையில் எழுதுகிறேன்.)

கஞ்சிக்கோடு அச்சு வடிவமைப்பாளர், செவ்வாய் மாலை

புலவர் ஐயாவின் வளை உவமையைப் பாடத்திலேயே சேர்க்கலாம், ஆனால் தலைகீழாக. அங்கே தோள் மெலிகிறது, வளை கழல்கிறது. இங்கே குழிக்குள் இருப்பது பெருக்கிறது. தண்ணீர் ஐஸாகும்போது கனஅளவு சுமார் 9 விழுக்காடு கூடும். தலைவன் திரும்பி வந்து தலைவி நன்றாகச் சாப்பிட்ட பிறகு வளையைக் கழற்றுகிற கதை இது.

தட்டை வார்க்கும்போது நடப்பதுதான் உங்கள் பாட்டுக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். குழியின் உட்புறத்தை உருவாக்குவது அச்சின் கோர். உருகிய பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் ஆறும்போது 1.5 முதல் 2 விழுக்காடு சுருங்கிக் கோரைக் கவ்விக்கொள்ளும். அச்சின் வெளித்தள்ளும் ஊசி (எஜெக்டர் பின்) தட்டைத் தள்ளும்போது உரசாமல் வர அங்கே 1 பாகை போதும், 2 இருந்தால் நிம்மதி. தட்டிலிருந்து ஐஸ் வருவதற்கு அது போதவே போதாது.

ஆக, ஒரே சுவர், ஒரே சாய்வு, இரண்டு பிரிவுகள்: கோரிலிருந்து தட்டு, தட்டிலிருந்து ஐஸ். ஒரு சொல் இரண்டையும் தாங்குமா? தாங்க வேண்டும். மாணவன் தப்பு செய்வதே இங்கேதான். அச்சிலிருந்து தட்டு அழகாக வந்துவிட்டது, 1 பாகை சரி என்று முடித்துவிடுவான். அந்தத் தட்டை −18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் வைத்து எடுத்து முறுக்கினால் ஐஸ் வராது, தட்டுதான் விரிசல் விடும்.

குறிச்சி பேட்டர்ன் பட்டறைக்காரர், செவ்வாய் இரவு

ஏனுங்க, இதுக்கு இத்தனை பாட்டு வேணுமாங்க? மண் வார்ப்புக்கு மரப் பேட்டர்ன் (மண்ணுல பதிச்சு எடுக்கற மர மாதிரி) செய்யறப்ப டேப்பர் விடாம எந்த ஆசாரியும் விடமாட்டாருங்க. பேட்டர்னை மண்ணுல இருந்து தூக்கறப்ப ஓரம் இடியக் கூடாது, அதுக்குத்தான். பட்டறையில டேப்பர்னுதான் சொல்றோம். தமிழ்ல கேட்டா *வாட்டம்*.

மொட்டை மாடியில தண்ணி ஓட கொத்தனார் என்ன விடறாரு? வாட்டம். பாத்ரூம் தரையில? வாட்டம். அதே சாய்மானத்தைத் தூக்கி நிறுத்தினா உங்க குழிச் சுவர்.

இன்னொண்ணுங்க. எல்லாத்துக்கும் பின்னாடி கோணம்னு ஒட்டாதீங்க. ஆசாரிமாருக ஒரு அடி (பன்னெண்டு இஞ்சு) நீளத்துக்கு இத்தனை நூல்னு பேசுவாங்க. நூல்ங்கறது எட்டுல ஒரு இஞ்சு. அடிக்கு ஒண்ணே முக்கால் நூல் விட்டா ஏறத்தாழ ஒரு பாகை வரும். ‘அடிக்கு ரெண்டு நூல் வாட்டம்’னு சொல்லலாம். ‘அடிக்கு ரெண்டு நூல் கழல்கோணம்’னு சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்.

செங்கோட்டைப் புலவர், புதன் காலை

வாட்டம் என்றால் வாடுதல். பயிர் வாட்டம், முக வாட்டம். வாடிய ஐஸைப் படிக்கவா பிள்ளைகள் வருகிறார்கள்? சரிவு, சாய்வு என்றாவது சொல்லுங்கள்.

குறிச்சி பேட்டர்ன் பட்டறைக்காரர், புதன் காலை

‘வாட்டமா நில்லுங்க’ன்னு சொன்னா வாடிப் போய் நில்லுன்னு அர்த்தமாங்க? தோதா நில்லுன்னுதானே? சாய்வும் தோதும் ஒரே சொல்லுல கிடைக்குது. வேண்டாங்கறீங்களே.

களியக்காவிளை உறுப்பினர், புதன்

அண்ணாச்சி, கழல்கோணம் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வகுப்புல வாத்தியாரு ‘கழலும்’னு வாயெடுத்ததும் பின்வரிசை சிரிக்கும். ‘மறை கழண்டவன்’ ஞாபகம் வராம இருக்குமா?

செங்கோட்டைப் புலவர், புதன்

மறை அன்று, *மரை*. திருகாணியின் புரிதான் மரை. மரை தேய்ந்தால் ஆணி கழலும். வேதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இடையின ரகரம் போடுங்கள்.

களியக்காவிளை உறுப்பினர், புதன்

எந்த ரகரம் போட்டாலும் கழண்டது கழண்டதுதான அண்ணாச்சி.

பாலக்காடு கல்பாத்தி உறுப்பினர், புதன் இரவு

எல்லைக்கு இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். மலையாளத்தில் மோதிரத்தை, சட்டையைக் கழற்றுவதற்கு ‘ஊருக’ என்பார்கள். தமிழில் அதற்குப் பக்கத்தில் நிற்பது உருவு: வாளை உருவினான். ஆங்கிலத்தில் அந்த டிராஃப்ட்டே ‘இழு’ (draw) என்னும் வினையோடு உறவுள்ள சொல். வரைதலும் அதே வினையின் இன்னொரு பொருள். பழைய மொழிபெயர்ப்பாளர் வழுக்கிய இடம் அதுதான். ஆக *உருவுகோணம்*. உருவம் தருவதும் உருவி எடுப்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

கூடவே ஒன்று. நம் சமையலறையில் இந்தத் தத்துவம் ஏற்கெனவே இருக்கிறது: பணியாரச் சட்டி, எங்கள் வீடுகளில் அப்பக்காரை. குழி அரைக்கோளம். சுவர் என்று தனியாக ஒன்று இல்லை, அடியிலிருந்து வாய்வரை ஒரே வளைவாகப் போகிறது. கம்பியால் ஓரத்தில் ஒரு நெம்பு, பணியாரம் குழிக்குள்ளேயே சுழன்று வரும். சதுரக் குழியில் அது நடக்காது.

செங்கோட்டைப் புலவர், வியாழன் அதிகாலை

ஊருக, உருவு, உரி, உராய். நான்கும் ஒரு வேர் என்றே தோன்றுகிறது. உரசிக்கொண்டு நீங்குவது என்பதுதான் மூலப்பொருளாக இருக்கும். உரித்தலில் தோல் நீங்குகிறது. உருவுதலில் உறை நீங்குகிறது. உராய்தலில் நீங்காமல் தேய்கிறது. ஆனால் உருவு செயப்படுபொருள் வேண்டும் வினை. யார் உருவுகிறார்? என் முதல் மறுப்பு அப்படியே நிற்கிறது.

கஞ்சிக்கோடு அச்சு வடிவமைப்பாளர், வியாழன் காலை

உராய்வில் வந்து நின்றதற்கு நன்றி, அதுதான் கணக்கே. சரிந்த சுவரைப் பக்கவாட்டில் அழுத்தினால் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு கட்டியை மேலே தள்ளும். சாய்வு உராய்வை மிஞ்சினால் கட்டி எழும்பும். மிஞ்சாவிட்டால் ஆப்பு அடித்தது போல இறுகும். அமெரிக்காவில் கை டிங்க்ஹாம் 1933இல் செய்த வளைகிற எவர்சில்வர் தட்டைப் பற்றிச் சொல்லும்போதும் இரு பக்கமும் 5 பாகை சாய்வு, அந்த அழுத்தம்தான் கட்டியை வெளியே தள்ளியது என்பார்கள். உருவியதும் இல்லை, கழன்றதும் இல்லை, பிதுங்கியது. (பிதுங்குகோணம் என்று யாரும் முன்மொழிய வேண்டாம்.)

பாடத்துக்கு வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். ஆசிரியர் நறுக்கிக்கொள்ளட்டும்.

சாய்வைக் கூட்டினால் கொள்ளளவு குறையும். 30 × 30 × 30 குழி செங்குத்தாக இருந்தால் 27 மி.லி. 5 பாகையில் 22.6, 10 பாகையில் 18.6. மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதனால் கெட்டியான தட்டுக்கு 10, முறுக்க வளைகிற தட்டுக்கு 5 முதல் 7 என்பது என் கை அளவு. அடி மூலைகளுக்கு 3 மி.மீ. ஆரமாவது வேண்டும், கூர்மூலையில்தான் கட்டி உடைந்து துண்டு தங்கும்.

பிளாஸ்டிக்: வெறும் ஹோமோபாலிமர் (ஒரே மூலப்பொருளால் ஆன) பாலிப்ரொப்பிலீன் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே விறைக்க ஆரம்பித்துவிடும், முறுக்கினால் கீறல் விடும். கோபாலிமர் (வேறொரு மூலப்பொருளும் சேர்ந்த) வகையோ பாலித்தீனோ எடுங்கள். சுவர் 1 முதல் 1.2 மி.மீ., எங்கும் ஒரே கனம். தட்டைச் சுற்றிலும் தடித்த விளிம்பு கொடுத்தால் பார்க்கக் கம்பீரம்தான், முறுக்க முடியாது.

குளிரக் குளிர பிளாஸ்டிக் ஐஸைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். 30 மி.மீ. குழிக்கு வித்தியாசம் மி.மீ.யில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். செங்குத்துச் சுவர் கட்டியைக் கவ்வ அதுவே போதும். தட்டின் முதுகில் குழாய்த் தண்ணீரைக் காட்டினால் விடுவது ஏன் என்றால், பிளாஸ்டிக் முதலில் விரிகிறது, ஒட்டிய இடத்தில் மெல்லிய நீர்ப்படலம் வருகிறது.

குழிகளுக்கு இடையே தண்ணீர் வழிந்து நிரம்ப வெட்டும் வாய்க்கால் 2 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் கட்டிகள் கைகோத்துக்கொண்டு எல்லாம் ஒரே பாளமாகிவிடும், முறுக்கினாலும் பிரியாது. நிரப்பும்போது மேலே கொஞ்சம் காலி விடச் சொல்லுங்கள். அந்த 9 விழுக்காட்டுக்கு இடம் வேண்டுமே.

கோரை மெருகேற்றும்போது ஆழத்தின் திசையில் தேய்க்க வேண்டும், குறுக்கே அல்ல. குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் படிக்கட்டு. தட்டு பழசாகும்போதும் இதுதான் நடக்கிறது. உப்பு கூடிய போர்வெல் தண்ணீர் சுவரில் வெள்ளையாகப் படியும், அதைக் கத்தியால் சுரண்டுவார்கள், சுரண்டிய கீறலில் ஐஸ் வேர் பிடிக்கும். வினிகரில் ஊறவைத்தால் படிவு தானே போகும்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர், வியாழன் மாலை

வடிவமைப்பாளருக்குப் பெரிய நன்றி. அண்டர்கட்?

குறிச்சி பேட்டர்ன் பட்டறைக்காரர், வியாழன் மாலை

வாட்டம்னு வெச்சீங்கன்னா அது தன்னால வருதுங்க: *எதிர்வாட்டம்*. வாய் குறுகி அடி அகன்றா எதிர்வாட்டம். கழல்கோணத்துக்கு எதிர்ப்பதம் சொல்லச் சொல்லுங்க பார்க்கலாம்.

செங்கோட்டைப் புலவர், வியாழன் மாலை

கழலாக்கோணம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

கஞ்சிக்கோடு அச்சு வடிவமைப்பாளர், வியாழன் இரவு

எதிர்வாட்டம் நல்ல சொல். ஆனால் அண்டர்கட் எல்லாமே எதிர்வாட்டம் இல்லை. சுவர் சரியான சாய்வோடு இருந்து நடுவில் ஒரு மேடோ பள்ளமோ வந்தாலும் அண்டர்கட்தான். அதைப் பட்டறையில் ‘லாக் ஆகுது’ என்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் மாணவன் சாய்வை மட்டும் அளந்துவிட்டு மேட்டைப் பார்க்காமல் விடுவான்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர், வெள்ளி காலை

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்ததில் வாட்டம் 4, கழல்கோணம் 2, உருவுகோணம் 1 (முன்மொழிந்தவரே). மனமொத்து என்று சொல்ல மாட்டேன். களைத்து, வாட்டம் போடுகிறேன். பாகையில் சொல்ல வேண்டிய இடத்தில் வாட்டக் கோணம். எதிர்வாட்டம் தலைகீழ்ச் சாய்வுக்கு மட்டும். அண்டர்கட் இந்தப் பதிப்பில் அண்டர்கட்டாகவே போகிறது.

செங்கோட்டைப் புலவர், வெள்ளி காலை

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடிக்குறிப்பிலாவது கழல்கோணம் இடம்பெற வேண்டும். கொத்தனாரின் மாடியில் ஓடும் தண்ணீரும் குழியில் உறைந்த தண்ணீரும் ஒன்றல்ல. முன்னது சாய்வால் போகிறது. பின்னது சாய்வு இருந்தும் போக மறுக்கிறது, அதனால்தானே இந்தப் பாடம்.

குறிச்சி பேட்டர்ன் பட்டறைக்காரர், வெள்ளி காலை

சொல்லு கெடக்கட்டுங்க. படத்துல 30ன்னு போட்டிருக்கீங்களே, அது வாயிலயா அடியிலயா? கீழ எழுதியிருக்கறத யாரு படிக்கறா, பட்டறையில படத்தைத்தான் பார்ப்பாங்க. அடின்னு எடுத்துட்டு வாட்டத்தை வெளிய விட்டா 10 பாகையில வாய் 40.6 ஆயிரும். பக்கத்துக் குழிக்கு எடமே இருக்காது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர், வெள்ளி காலை

வாயில்தான். ‘வாய் அளவு 30, வாட்டம் உள்நோக்கி’ என்று படத்திலேயே சேர்த்துவிட்டேன். நல்லவேளை கேட்டீர்கள்.

செங்கோட்டைப் புலவர், வெள்ளி நண்பகல்

தலைப்பில் ‘ஐஸ்’ என்றே இருக்கிறதே? பனிக்கட்டி ஏன் ஆகாது, உறைநீர் ஏன் ஆகாது என்று தனி இழை தொடங்குகிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர், வெள்ளி நண்பகல்

ஐயா, திங்கட்கிழமை.