கேம்பிரிட்ஜ் துருவ அருங்காட்சியகத்தில் கண்டவை

கேம்பிரிட்ஜ் நகரின் லென்ஸ்ஃபீல்டு சாலையில் உள்ள ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தின் தரைத்தளத்தில் சிறியதொரு அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோன பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி கேப்டன் ஸ்காட்டுக்கும் அவருடைய தோழர்களுக்கும் நினைவாக, அந்தப் பயணத்தில் நிலவியலாளராகப் பங்குகொண்ட ஃபிராங்க் டெபன்ஹாம் 1920-இல் தொடங்கிய நிறுவனம் இது. பள்ளி விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தேன். பெரிய அருங்காட்சியகங்களில் கால் ஓயும்வரை நடந்தும் மனத்தில் எதுவும் தங்காமல் திரும்பிய அனுபவம் பலருக்கும் இருக்கும். இங்கே ஒவ்வொரு பொருளின் முன்பும் வேண்டிய மட்டும் நிற்க முடிந்தது.

உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். முகப்புக் கூடத்தின் இரண்டு குவிமாடங்களில் ஒன்றில் ஆர்க்டிக்கையும் மற்றொன்றில் அண்டார்டிக்காவையும் மெக்டொனால்டு கில் என்ற ஓவியர் வரைபடங்களாகத் தீட்டியிருக்கிறார். கட்டடம் திறக்கப்பட்ட 1934-ஆம் ஆண்டைச் சேர்ந்த வேலை. துருவங்களைத் தேடிச் சென்றவர்களின் பெயர்கள் சுற்றிலும் எழுதப்பட்டிருக்கின்றன.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, ஸ்காட்டோடு துருவம்வரை சென்ற கேப்டன் ஓட்ஸின் உறக்கப்பை. ரெயின்டீர் மான்தோலால் ஆனது; மயிர் பல இடங்களில் தேய்ந்து, தோல் விறைத்துக் கிடக்கிறது. பனிக்கடியால் புண்ணாகி வீங்கிய காலை உள்ளே நுழைக்கவும் வெளியே எடுக்கவும் அவர் பட்ட பாட்டைக் குறைப்பதற்காக அந்தப் பை நீளவாக்கில் திறந்துவிடப்பட்டிருக்கிறது. அவருடைய காலணிகளில் ஒன்றின் முன்புறமும் அவ்வாறே கிழிக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் அவர்களைத் தேடிச் சென்ற குழுவினர் எழுதி வைத்திருக்கிறார்கள். 1912 மார்ச் நடுவில், தன்னால் மற்ற மூவரின் நடை தாமதப்படுகிறது என்பதை உணர்ந்து பனிப்புயலுக்குள் வெளியேறிய அவருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. இந்தப் பைதான் கிடைத்தது. அவருடைய தியாகத்தைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருந்தேன். ஆனால் ஒரு மனிதர் ஒவ்வோர் இரவும் அந்தக் காலோடு இந்தப் பைக்குள் புகுந்து படுத்திருக்கிறார் என்பது அந்தத் திறப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பயணக் கருவிகள் இருந்த பகுதியில் மகள் பம்பு ஸ்டவ்வைக் கண்டு, பனிக்கட்டிக்கு நடுவே இத்தனை எண்ணெய் எதற்கு என்று கேட்டாள். அருகில் இருந்த வயதான தன்னார்வலர் ஒருவர், தாமாகவே முன்வந்து மிகுந்த பொறுமையோடு விளக்கினார். துருவத்தில் கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் தண்ணீர் உறைந்துதான் கிடக்கிறது. அடுப்பு எரியாவிட்டால் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. வழியெங்கும் சேமித்து வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கலன்களின் மூடிகளில் தோல் வாஷர் போட்டிருந்தார்கள். கடுங்குளிரில் அந்த வாஷர்களின் பிடிப்புத் தளர்ந்து எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போனதால், திரும்பி வந்த ஸ்காட்டின் குழு கிடங்குகள் பலவற்றில் எதிர்பார்த்ததைவிடக் குறைவான எண்ணெயையே கண்டது. அவர்களுக்கு ஐந்து வாரம் முன்னதாக, 1911 டிசம்பர் 14-இல் துருவத்தை அடைந்த நார்வேக்காரர் அமுண்ட்சென், தம் கலன்களை ஈயப் பற்று வைத்து முற்றிலும் மூடியிருந்தார். ஸ்காட்டின் தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. உணவின் போதாமையும், வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்ற உழைப்பும், அந்த மார்ச் மாதத்தின் அளவுக்கு மீறிய குளிரும் சேர்ந்தே அவர்களைக் கொன்றன. ஆயினும் காசளவே இருக்கும் ஒரு தோல் வட்டமும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது என்பதைக் குழந்தைகளுக்கு ஓர் அடுப்பின் முன் நிறுத்திச் சொல்லும் அருங்காட்சியகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஸ்காட் தம் மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதம் 2007-இல் அவருடைய குடும்பத்தாரால் இந்த நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. பென்சிலால் எழுதியது. முடிந்தால் மகனுக்கு இயற்கை வரலாற்றில் நாட்டம் ஏற்படச் செய், விளையாட்டுகளைவிட அது மேலானது என்று அதில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மகன் பீட்டர் ஸ்காட் பின்னாளில் பறவையியலாளராகி, 1961-இல் உலக வனவுயிர் நிதியத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார்.

ஆர்க்டிக் பகுதியை நாங்கள் சற்று விரைவாகவே கடந்தோம். ஆனால், வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் புற ஊதாக் கதிர் கண்ணைப் பழுதாக்காதபடி இனூயிட் மக்கள் குறுகிய பிளவு மட்டும் விட்டுச் செதுக்கிய கண்காப்புகளைத் தவறவிடக் கூடாது. கண்ணாடியே இல்லாமல் இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் அவர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பயணத்தைப் பற்றித் தேடிப் படித்தபோது, இந்தியாவுக்கும் அதற்கும் இருந்த தொடர்பு எனக்கு வியப்பளித்தது. பயணத்தில் சேர விண்ணப்பித்தபோது ஓட்ஸ் மத்திய இந்தியாவின் மாவ் படைமுகாமில் இருந்தார். ஸ்காட்டோடு கூடாரத்தில் இறந்த பவர்ஸ், பிரிட்டிஷ் இந்தியாவின் கடற்படையான ராயல் இந்தியன் மரைனில் பணியாற்றியவர். ஸ்காட்டின் குழுவைத் தேடி 1912 அக்டோபர் இறுதியில் புறப்பட்டவர்களின் சுமைகளை இழுத்தவையும் இந்தியாவில் பழக்கி அனுப்பப்பட்ட கோவேறு கழுதைகளே. குலாப், பேகம், ராணி, பியாரி, லால் கான் என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர்கள் இருந்தன. நவம்பர் 12 அன்று கூடாரத்தைக் கண்டடைந்த குழுவைப் பற்றி எத்தனையோ முறை படித்திருந்தும், இந்தப் பெயர்களை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

கூடாரத்தின் அருகே கிடைத்த வண்டியில் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள பாறைத் துண்டுகளும் இருந்தன. உயிர் ஊசலாடிய நிலையிலும் அவர்கள் அவற்றைக் கழித்துப் போடவில்லை. அவற்றில் இருந்த இலைப் புதைபடிவங்கள் குளோசாப்டெரிஸ் என்னும் அழிந்துபோன தாவரத்தினுடையவை என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்பர்ட் சீவர்டு ஆராய்ந்து 1914-இல் வெளியிட்டார். அதே தாவரத்தின் இலைகள் நம் நாட்டு ராணிகஞ்ச், ஜரியா நிலக்கரிப் படிவுகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. இந்தியாவும் அண்டார்டிக்காவும் ஒருகாலத்தில் ஒரே நிலப்பரப்பின் பகுதிகளாக இருந்தன என்பதற்கு அவை முக்கியமான சான்று. இந்தியத் தொல்தாவரவியலின் முன்னோடியான பீர்பால் சாஹ்னியும் இதே சீவர்டிடம் பயின்றவர்தான்.

அந்தக் கற்களைத் தேடி யாரும் லென்ஸ்ஃபீல்டு சாலைக்குச் செல்ல வேண்டாம். அவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. குழந்தைகளோடு கேம்பிரிட்ஜுக்குச் செல்பவர்கள் இந்தத் துருவ அருங்காட்சியகத்துக்குத் தாராளமாக இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். பழைய கடிதங்கள் வெளிச்சத்தில் மங்கிவிடக்கூடியவை என்பதால் எல்லாவற்றையும் எப்போதும் பார்வைக்கு வைத்திருக்க இயலாது. குறிப்பிட்ட ஒன்றைப் பார்ப்பதற்கென்றே செல்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.